அக்கா கல்யாணமும் அஞ்சு துண்டு ஃபைலும்

ராத்திரி ஒன்பதரை மணி. தட்டில் ரெண்டாவது தோசை விழுந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அக்கா மகள்.

"மாமா, அம்மா கல்யாண சிடி உங்ககிட்டதான் இருக்காமே? என் ரிசப்ஷன்ல ஸ்கிரீன்ல போடணும். ஒரு நிமிஷம் ஓடினாப் போதும். அப்படியே மொபைலுக்கு அனுப்பி விட்ருங்க."

ஏதோ கால் கிலோ மல்லிகைப்பூ வாங்கி பஸ்ஸில் கொடுத்து விடச் சொல்வது போலச் சொல்லிவிட்டாள். நானும், "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு 'சரிம்மா'வுக்கு நான் கொடுத்த விலை ஒன்பது நாள் தூக்கமும், ஒரு கேஷுவல் லீவும், வீட்டம்மாவிடம் பாக்கியிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும்.

அக்கா கல்யாணம் 1997 வைகாசியில், திருப்பரங்குன்றத்தில். வைகாசி முகூர்த்தத்தில் அங்கே கல்யாணம் செய்தவர்களுக்குத் தெரியும். ஒரே காலையில் பத்தடிக்கு ஒரு மாப்பிள்ளை நிற்பார். கொஞ்சம் அசந்தால் வேறு பெண் பக்கத்தில் உட்கார்ந்து விடுகிற அபாயம் உண்டு. எங்கள் வீடியோக்காரரே நடுவில் தடம் மாறி, ரெண்டு நிமிஷம் யாரோ ஒரு ஜோடியைப் படம் பிடித்துவிட்டு, யாரும் கண்டுகொள்ளாததால் சந்தேகப்பட்டுத் திரும்பி வந்தார். அந்த ஜோடி இன்றைக்கும் எங்கள் கேசட்டில்தான் குடும்பம் நடத்துகிறது.

மூன்று மணி நேர விஹெச்எஸ் கேசட். 2006-ல் அதில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்ததும், ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து டிவிடியாக மாற்றினோம். 'இனி தலைமுறைக்கும் கவலையில்லை சார்' என்றார் ஸ்டுடியோக்காரர். நம்பினோம். கேசட்டைச் சோழவந்தான் பக்கம் அத்தானின் சொந்தக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிப்போய், டேப்பை உருவி நெல் வயலில் வரப்புக்கு வரப்பு கட்டிவிட்டார். காற்றடித்தால் விர்ரென்று சத்தம் வரும், குருவி அண்டாது. அக்கா கல்யாணத்தை ஒரு போகம் முழுக்கக் குருவிகள்தான் பார்த்தன.

ஆக, மிச்சமிருந்தது அந்த ஒரே ஒரு டிவிடி.

* * *

பீரோவில் பத்திரமாக இருந்தது. ஆனால் போட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. டிவிடி பிளேயர் பழைய சாமான்காரரிடம் போய் வருஷக்கணக்காகிறது. லேப்டாப்பை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தட்டு வெளியே வருகிற அந்த வாசலையே எடுத்து விட்டார்கள். மைக்ரோசாஃப்ட்காரர்கள் 2012-லேயே, விண்டோஸ் 8 வந்தபோது, டிவிடி ஓட்டுகிற வசதியைக் கழற்றி விட்டார்களாம். எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

என்ன வாழ்வு வாழ்ந்த சாமான் அது! ஜப்பானில் 1996 நவம்பரில் பிறந்தது. 2007-ல் மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியபோது, சம்பளத் தேதியில் கறிக்கடையை விட சிடி கடையில்தான் கூட்டம். அந்தக் கம்பெனியே 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. தட்டு மட்டும் நம் பீரோக்களில் கிடக்கிறது.

டவுன்ஹால் ரோட்டில் அலைந்து, யூஎஸ்பியில் மாட்டுகிற டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி வந்தேன். தட்டைப் போட்டேன். காப்பி எடுக்கச் சொன்னேன். 62 சதவீதம் வரை சமர்த்தாகப் போனது. அப்புறம் 'கர்ர்... கர்ர்...' என்று பல்லைக் கடித்தது. அப்புறம் மௌனம்.

அப்போதுதான் வயிற்றில் லேசாகப் புளி கரைத்தது. ஏனென்றால் அந்தத் தட்டில் இருப்பது அக்கா கல்யாணம் மட்டுமில்லை. அப்பா இருக்கிறார். 1998-ல் தவறிவிட்டார். அக்கா மகள் பிறந்தது 1999. தாத்தாவை அவள் பார்த்ததெல்லாம் சந்தன மாலை போட்ட போட்டோவில். அப்பா நடமாடுகிற படம் என்று உலகத்தில் இருப்பது இந்த ஒரு தட்டில்தான்.

"பேஸ்ட் போட்டுத் தேய்ங்க" என்றாள் வீட்டம்மா. நல்லவேளை, தேய்க்கவில்லை. (ஏற்கெனவே கீறியதை இன்னும் கீறுகிற வேலை அது.)

* * *

எந்தக் கஷ்டத்தையும் ஆபீஸில் சொன்னால் உடனே ஆலோசனை கிடைக்கும். வேலைதான் கிடைக்காது.

தட்டில் நன்றாக இருந்த பகுதியில் சில ஃபைல்கள் காப்பியாகியிருந்தன. பெயரெல்லாம் 'விஓபி' என்று முடிந்தது. போன் அதைச் சீண்டவே இல்லை.

"இவ்வளவுதானே? கடைசி மூணு எழுத்தை அழிச்சுட்டு எம்பி4-ன்னு போடுங்க சார்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். போட்டேன். போன் ஏமாறவில்லை.

அடுத்த செக்‌ஷன்காரர், இலவசமாக மாற்றித் தருகிற சாஃப்ட்வேர் ஒன்று சொன்னார். முதல் ஃபைலைக் கொடுத்தேன். ரெண்டு இதயம் சுற்றிச் சுற்றி வந்து கொண்டே இருந்தது, அவ்வளவுதான். (அது மெனுவாம்.) இன்னொரு ஃபைலைக் கொடுத்தேன். பந்தி வந்தது. தாலி கட்டுவதற்கு முன்னாலேயே மொத்தக் குடும்பமும் பாயசம் குடித்தது. மூன்றாவதில் அக்கா வந்தாள். ஆனால் நெற்றிச்சுட்டிக்கு நேர் குறுக்கே, 'பதிவு செய்யப்படாத பிரதி, காசு கட்டவும்' என்று கொட்டை எழுத்து. அத்தான் அகலத்தில் ஒன்றரை மடங்கு இருந்தார். யாராவது கையை ஆட்டினால், விரலெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழிந்தது.

"4கே-வா மாத்தித் தர்ற ஆள் இருக்கான் சார், பத்தாயிரம் ஆகும்" என்றார் மூன்றாவது நண்பர். அந்த நண்பரோடு இப்போதைக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

* * *

கடைசியில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற தம்பியிடம் போய்ச் சேர்ந்தேன். ஆறடிக்கு நாலடி கடை. அதில் பாதி இடத்தைச் செத்துப்போன மானிட்டர்கள் பிடித்துக் கொண்டிருந்தன.

"பேரை மாத்திப் பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்தேன்."

"ஆட்டோவுக்கு ஏரோப்ளேன்னு போர்டு மாட்டினாப் பறக்குமாண்ணே?"

பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

தம்பி தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "கடையில விக்கிற சினிமா டிவிடி ஃபேக்டரியில அச்சுல அடிச்சது, தாங்கும். இது ஸ்டுடியோவுல எழுதினது. உள்ள ஒரு சாயம் பூசியிருக்கும், அதை லேசர்ல சுட்டுத்தான் எழுதுறது. வெயிலும் வெக்கையும் பட்டா சாயம் கெட்டுப் போகும். நம்ம ஊரு கத்திரியைத்தான் கேக்கவே வேணாமே. பீரோவை எங்கண்ணே வச்சிருக்கீங்க?"

"மேற்குச் சுவரோரம்."

"வெளங்கும்."

மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தான். வட்டமாகத் துடைக்கக் கூடாதாம். ஃபைல்களும் வட்டப் பாதையில்தான் எழுதப்பட்டிருக்கும். வட்டமாகக் கீறினால் ஒரே இடத்தில் நீளமாகப் போய்விடும். அப்புறம் 'டிடிரெஸ்க்யூ' என்றொரு இலவசச் செயலியை ஓட்டினான். அது கெட்டிக்காரத்தனமான சாமான். கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், முதலில் நல்ல இடத்தையெல்லாம் வாரி எடுத்துக் கொள்கிறது. அப்புறம் திரும்பி வந்து கெட்ட இடத்தை மறுபடி மறுபடி தட்டிக் கேட்கிறது. கடன் வசூலிக்கிற முறையேதான்.

"ராத்திரி பூரா ஓடும். நாளைக்கு வாங்கண்ணே."

மறுநாள் போனால், ஏறத்தாழ முழுத் தட்டும் அப்படியே கம்ப்யூட்டரில் இருந்தது. ஏழெட்டு இடத்தில் மட்டும் பொத்தல். எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுக்கத் தோன்றியது. வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே தம்பி பாடம் எடுத்தான்.

"அண்ணே, எம்பி4, எம்கேவி, விஓபி எல்லாம் தூக்குவாளி. உள்ள இருக்குற குழம்புதான் வேற. உங்க வாளியில இருக்குறது எம்பெக்-2 குழம்பு. அதை அப்படியே இன்னொரு வாளிக்கு ஊத்தலாம். ருசி மாறாது, ரெண்டு நிமிஷ வேலை. ஆனா, போனுக்கு எம்பெக்-2 ஒத்துக்காது, ஹெச்.264 தான் வேணும்னா, குழம்பையே மறுபடி காய்ச்சணும். ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் கொஞ்சம் சத்து போயிரும்."

"சுண்டக் குழம்பு சுட வைக்க வைக்க ருசி கூடுமே தம்பி?"

"அது குழம்புக்குண்ணே. வீடியோ சுண்டினா கெட்டுரும். நீங்க ஆபீஸ்ல ஒண்ணை மாத்தி, அதை வாட்ஸப்ல அனுப்பி, அதை டவுன்லோடு பண்ணி மறுபடி மாத்தியிருப்பீங்களே?"

எப்படித்தான் தெரிந்ததோ!

அப்புறம் அந்த அஞ்சு துண்டு ரகசியம். டிவிடியில் ஒரு விஓபி ஃபைல் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதனால் மூன்று மணி நேரக் கல்யாணத்தை, 01-1, 01-2 என்று அளவு வைத்து அஞ்சு துண்டாக வெட்டியிருக்கும். அளவு மட்டும்தான் கணக்கு. கெட்டிமேளம் பாதியில் இருந்தாலும் வெட்டும். நான் செய்தது போல ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றினால் ஒட்டுகிற இடத்தில் உதிரும். முதலில் வரிசைப்படி ஒரே ஃபைலாக ஒட்டவேண்டும்; மாற்றுவது அப்புறம். சேலையைத் துண்டு துண்டாக வெட்டிச் சாயம் போட்டுவிட்டு அப்புறம் தைப்பார்களா?

சீப்புப் பல் விஷயமும் விளங்கியது. பழைய டிவிக்காக எடுத்த வீடியோவில் ஒரு விநாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் பாதிப் பாதியாக இருக்கும். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு நொடித்துளி, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த துளி. பழைய குண்டு டிவி அதை அப்படியே மாற்றி மாற்றிக் காட்டும், கண்ணுக்குத் தெரியாது. இப்போதுள்ள திரை ரெண்டையும் ஒன்றாகப் போடுகிறது; அதற்குள் கை நகர்ந்திருக்கும், அதனால் பல். 'டிஇன்டர்லேஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டு, விநாடிக்கு 50 படமாகப் பிரித்தால், கையசைப்பு தண்ணீர் போல ஓடுகிறது.

அத்தானின் அகலத்துக்கும் காரணம் கிடைத்தது. டிவிடியில் படம் 720-க்கு 576 புள்ளி. பார்க்க வேண்டியது நாலுக்கு மூணு என்ற பழைய டிவி அளவில். நான் திரை நிறைய இழுத்துவிட்டேன். சரியான அளவு வைத்ததும் அத்தான் 1997-ன் ஒல்லி உடம்புக்குத் திரும்பினார். (நேரில் இன்னும் திரும்பவில்லை.)

"4கே?" என்றேன் தயங்கி.

"இருக்குறதே 576 கோடு. அதுவும் கேசட்ல இருந்து வந்தது, நெசமான விவரம் அதுலயும் பாதிதான் இருக்கும். படிப் பால்ல அண்டாத் தண்ணி ஊத்தினா பால் அதிகமாயிருமாண்ணே?"

இந்த வேலைக்கெல்லாம் தம்பி காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை. எஃப்எஃப்எம்பெக் என்பது 2000-ல் ஃபாப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்தது. கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டும். அது பயம் என்றால் ஹேண்ட்பிரேக் இருக்கிறது; எல்லாமே பட்டன். ரெண்டும் இலவசம். நெற்றியில் எழுதாது.

"சினிமா டிவிடியையும் இப்படி மாத்தலாமா தம்பி?" என்று நைசாகக் கேட்டேன்.

"அதுக்குப் பூட்டு உண்டுண்ணே." 1999-ல் நார்வேயில் யோன் யோஹான்சன் என்ற 15 வயசுப் பையன், அந்தப் பூட்டைத் திறக்கிற சாவியை வெளியே விட்டான். என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் நான் வாங்கிய படத்தைப் பார்க்கத்தான் என்றான். கேஸ் போட்டார்கள், 2003-ல் ரெண்டு கோர்ட்டிலும் விடுதலை. நம் ஊரில், காப்பிரைட்டை மீறுகிற நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் ரெண்டு வருஷம் வரை உள்ளே என்று 2012-ல் சட்டம் திருத்தினார்கள். அதற்கு முன்பே, 2004-ல், தமிழ்நாட்டில் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டு வந்தாயிற்று. நமக்கெதற்கு வம்பு? நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பூட்டு கிடையாது. பூஞ்சைதான் உண்டு.

* * *

வீட்டுக்கு வந்து போனில் ஓட்டினேன். படம் பளிச். மணவறையில் அக்கா. பந்தியில் பெரியப்பா. வாசலில், பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுகிற அப்பா. வாய் அசைகிறது.

சத்தமில்லை.

வால்யூமை ஏற்றினேன். தட்டினேன். குலுக்கினேன். மூன்று மணி நேரமும் ஊமைக் கல்யாணம். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. கேசட்டுக்குப் பிடித்த பூஞ்சை அப்பா குரலைத் தின்றுவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். வயலில் ஆடின டேப் ஞாபகம் வந்தது.

காலையில் கடை திறக்கும் முன்பே நின்றேன். தம்பி சிரித்தான்.

"சத்தம் உள்ளதாண்ணே இருக்கு. அது ஏசி-3, டால்பி பாஷை. டிவிடிக்குத் தெரியும், உங்க போனுக்கு அந்த பாஷை தெரியாது. நான்தான் அவசரத்துல அப்படியே ஊத்திட்டேன். சத்தத்தை மட்டும் ஏஏசியா மாத்துவோம், படத்தைத் தொட வேணாம்."

அஞ்சே நிமிஷம். ஹெட்போனை என் காதில் மாட்டினான்.

நாதஸ்வரம் வரவில்லை. 'சாரதா' படத்துப் பாட்டு வந்தது. 1962 படத்து அந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் பக்கத்தில் கல்யாண கேசட் ஏது? அது முடிந்ததும் இன்னொரு பாட்டு. ஸ்டுடியோக்காரர் கல்யாணச் சத்தம் மொத்தத்தையும் அழித்துவிட்டு, ஆசை தீரப் பாட்டு நிரப்பியிருந்தார். அப்பா வருகிறார், போகிறார், யாரையோ கூப்பிடுகிறார். எல்லாவற்றுக்கும் பின்னணியில் யாரோ காதலிக்கிறார்கள்.

ஒரு மணி ஐம்பதாவது நிமிஷம். ஒரு பாட்டு முடிந்து, அடுத்த பாட்டு ஆரம்பிக்கவில்லை. அவர் பதினோரு விநாடி மறந்துவிட்டார் போல. பந்திச் சத்தம் கேட்டது. இலை உரசுகிற சத்தம். அப்பா நேராக கேமராவைப் பார்த்து வந்தார்.

"தம்பி, நீங்க சாப்ட்டீங்களா? படம் அப்புறம் புடிக்கலாம். அந்த லைட்டு புடிக்கிற பையன் காலையில இருந்து ஒண்ணும் திங்கல. அவனையும் கூட்டிட்டுப் போய் உக்காருங்க முதல்ல."

அடுத்த பாட்டு வந்துவிட்டது.

2006-ல் டிவிடியாக வந்தபோது எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம்தான். தாலி கட்டுவதையும், நம் தலை வருகிற இடத்தையும் தேடி ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். பந்தியை யார் பார்த்தார்கள்?

தம்பி மானிட்டரைத் துடைக்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக் கொண்டான். "எவ்வளவு தம்பி?" என்றேன். "ஜிகர்தண்டா குடிச்சாச்சுல்லண்ணே" என்றான். வற்புறுத்திக் கொடுத்தேன்.

* * *

உங்கள் வீட்டுப் பீரோவிலும் ஒரு தட்டு இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியதை, தம்பி சொன்னபடியே எழுதிவிடுகிறேன்:

1. முதலில் முழுத் தட்டையும் அப்படியே கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். மாற்றுவது பிறகு. தட்டு இன்று படிக்கும், நாளை படிக்காது.

2. துண்டுகளை வரிசையாக ஒட்டிவிட்டு, ஒரே ஒருமுறை மாற்றுங்கள். ஹெச்.264 படம், ஏஏசி சத்தம், எம்பி4 வாளி. டிஇன்டர்லேஸ் மறக்க வேண்டாம்.

3. மாற்றியாயிற்று என்று மூல நகலை அழிக்காதீர்கள். 4.7 ஜிபி இன்றைக்கு ஒரு பொருட்டே இல்லை. நாளைக்கு வேறு வாளி வரும்.

4. ரெண்டு பிரதி, ரெண்டு ஊரில். ஒன்று உங்களிடம், ஒன்று அக்கா வீட்டில்.

5. வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை சுண்டக் காய்ச்சும். 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள்.

ஆறாவதாக என் சொந்தச் சரக்கு: பந்தியை ஓட்டி விடாதீர்கள்.

* * *

தை மாசம் ரிசப்ஷன். மண்டபத்தில் சுவர் அகலத்துக்குத் திரை. அக்கா மகள் ஒரு நிமிஷம்கூடப் போடவில்லை. அந்தப் பதினோரு விநாடியைத்தான் போட்டாள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு யார் இந்தப் பெரியவர் என்றே தெரியாது, எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "மாமா, தாத்தா குரல் உங்க குரல் மாதிரியே இருக்கு" என்றாள். எனக்கு அது இத்தனை வயசுக்குத் தெரியாது.

அக்கா மேடையில் நின்று கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக் கொள்வாள் என்று பார்த்தேன். அவள் விறுவிறுவென்று இறங்கி, ஓரத்தில் ட்ரோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பையனிடம் போனாள்.

"தம்பி, நீங்கெல்லாம் சாப்ட்டீங்களா?"